புரத லிங்கரை வடிவமைப்பது எப்படி: அளந்து, தேர்ந்து, சோதித்து

இரண்டு டொமைன்களை (புரதத்தில் தனியாக மடிந்து தனி வேலை செய்யும் பகுதிகளை) ஒரே சங்கிலியாக இணைக்கும்போது நடுவில் வரும் துண்டுதான் லிங்கர். எந்த டொமைன்கள் வேண்டும் என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட லிங்கர் என்று வந்தால் 'மூணு ஜி4எஸ் போட்டுடலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல சமயம் அது வேலை செய்துவிடும். வேலை செய்யாதபோது எங்கே தவறு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது, ஏனென்றால் எந்த எண்ணும் கணக்குப் போட்டு வந்ததில்லை. நீளத்தை அளவெடுத்து முடிவு செய்ய வேண்டும். தன்மையை வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இந்தக் கட்டுரையில் வரிசைகளை ஓரெழுத்துக் குறியீட்டில் எழுதியிருக்கிறோம்: ஜி என்றால் கிளைசின், எஸ் செரைன், ஏ அலனைன், ஈ குளூட்டாமிக் அமிலம், கே லைசின், பி புரோலின். ஜி4எஸ் என்பது நான்கு கிளைசினும் ஒரு செரைனும்.

இயற்கை என்ன செய்கிறது

இயற்கையான பல-டொமைன் புரதங்களில் லிங்கரின் சராசரி நீளம் ஏறத்தாழ 10 அமினோ அமிலங்கள்தான். அங்கே கிளைசினைவிடப் புரோலினுக்குத்தான் மவுசு அதிகம். புரோலினின் முதுகெலும்பில் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தர ஹைட்ரஜன் கிடையாது. அதனால் லிங்கர் பக்கத்து டொமைனின் பீட்டா தகட்டோடு போய் ஒட்டிக்கொள்ளாது, டொமைன்களைக் கொஞ்சம் தள்ளியும் வைக்கும்.

லிங்கர் வெறும் கயிறு அல்ல என்பதற்கு, மற்றப் புரதங்கள் மடிய உதவும் எச்எஸ்பி70 குடும்பம் நல்ல சாட்சி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏகே புரதத்தில் ஏடிபி பிணையும் டொமைனையும் பெப்டைடு பிணையும் டொமைனையும் சேர்க்கும் குறுகிய லிங்கரில் லியூசின்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை மாற்றினால் ஒரு டொமைன் சொல்வது மற்றதற்குக் கேட்பதில்லை. எஸ்ஆர்சி கைனேஸில் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும் நொதி) எஸ்எச்2 டொமைனுக்கும் கைனேஸ் டொமைனுக்கும் இடையிலுள்ள லிங்கர், எஸ்எச்3 டொமைன் வந்து பிடிக்கும் கைப்பிடியாக இருந்து நொதியைச் செயல்படாமல் நிறுத்தி வைக்கிறது. ஆகவே இயற்கையான லிங்கரை வெட்டிவிட்டு ஜி4எஸ் வைக்கும் முன், இணையினப் புரதங்களின் வரிசைகளை அடுக்கிப் பாருங்கள். லிங்கரில் ஓரிடம் எல்லா உயிரினங்களிலும் மாறாமல் இருந்தால் அங்கே கைவைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையைக் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் புரதம் தருகிறது. 1980-களில் வந்த அதன் படிக அமைப்பில் நடு லிங்கர் நீண்ட ஒரே ஆல்ஃபா சுருளாகத் தெரிந்தது. கரைசலில் என்எம்ஆர் கொண்டு பார்த்தபோது அதன் நடுப்பகுதி வளைந்து நெளிவது தெரிந்தது. படிகத்தில் தெரியும் லிங்கர் வடிவத்தை அப்படியே நம்பி அளவெடுக்கக் கூடாது.

முதல் வேலை: டொமைன் எல்லை

'லிங்கர் சரியில்லை' என்று பழி விழும் பல இடங்களில் உண்மையான குற்றவாளி தவறாக வெட்டிய டொமைன் எல்லை. டொமைனின் கடைசிச் சுருளில் பாதியை விட்டுவிட்டு என்ன லிங்கர் வைத்தாலும் அது மடியாது.

இன்டர்ப்ரோ என்னும் டொமைன் தரவுத்தளம் காட்டும் எல்லைகளைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை வரிசை ஒப்புமையிலிருந்து வருபவை, ஓரத்தில் சில அமினோ அமிலங்கள் கூடக் குறைய இருக்கும். பிறகு ஆல்ஃபாஃபோல்டு (வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் நிரல்) தரும் மாதிரியைத் திறந்து, பிஎல்டிடிடி (ஒவ்வோர் இடத்தின் கணிப்பும் எவ்வளவு நம்பத்தக்கது என்று 100-க்குத் தரும் எண்) மதிப்பு 70-க்குக் கீழே சரியும் இடத்தைப் பாருங்கள். 50-க்குக் கீழ் என்றால் அந்தப் பகுதி பெரும்பாலும் ஒழுங்கற்றது. கடைசிச் சுருள் அல்லது இழை முடிந்தபின் 2 முதல் 5 அமினோ அமிலங்களை இயற்கையான வரிசையிலிருந்தே விட்டுவைத்து, அதன் பிறகு லிங்கரைத் தொடங்குங்கள். சோதனைச்சாலை அமைப்பு கிடைத்தால் முனைகளில் எத்தனை அமினோ அமிலங்கள் படத்தில் தெரியவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவையும் நெகிழ்வாகவே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால்தான் லிங்கரின் உண்மையான நீளம் வரும். ஜி4எஸ் மூன்று என்று வரைந்தது, இரு பக்க வால்களும் சேர்ந்து 25 ஆகியிருப்பது சாதாரணமாக நடப்பது.

ஆல்ஃபாஃபோல்டு முழு ஃபியூஷனையும் (இணைத்த புரதத்தை) மடித்துக் காட்டும்போது லிங்கரை நூடுல்ஸ் மாதிரி எங்கேயோ வளைத்து வைக்கும். அந்த வளைவுக்கு அர்த்தம் கிடையாது. டொமைன்களுக்கு இடையிலான நிலை நம்பத்தக்கதா என்பதை பிஏஇ வரைபடத்தில்தான் (இரண்டு இடங்களின் ஒப்பு நிலையில் எதிர்பார்க்கும் பிழையைக் காட்டுவது) பார்க்க வேண்டும்: இரண்டு டொமைன்களுக்கும் பொதுவான கட்டத்தில் பிழை அதிகமாக இருந்தால், அவை எதிரெதிரே நிற்கும் விதம் வெறும் ஊகம்.

எது முன்னால், எது பின்னால்

லிங்கரின் நீளத்தைவிடப் பெரிய முடிவு இது, இதற்குச் செலவும் குறைவு. எந்த முனை வேலை செய்யும் இடத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்த முனையில் எதையும் ஒட்டாதீர்கள். ஜிஎல்பி-1 பெப்டைடு ஏற்பியைத் தொட, பெப்டைடின் என்-முனை (சங்கிலியின் தொடக்க முனை; கடைசி முனை சி-முனை) திறந்திருக்க வேண்டும். அதனால்தான் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூலாகுளூடைடில் ஜிஎல்பி-1 முன்னாலும் ஆன்டிபாடியின் எஃப்சி பகுதி பின்னாலும் வருகின்றன, நடுவில் மூன்று ஜி4எஸ்ஸும் ஓர் அலனைனும். வரிசையைத் தலைகீழாக்கினால் எந்த லிங்கரும் அதைக் காப்பாற்றியிருக்காது.

இரு முனைகளும் திறந்திருந்தால், நன்றாக மடிந்து கரையும் டொமைனை முதலில் வையுங்கள்.

நீளக் கணக்கு

புரத வடிவங்களைப் பார்க்கும் மென்பொருள்களான பைமோலிலோ கைமராஎக்ஸிலோ இரண்டு டொமைன்களையும் நீங்கள் விரும்பும் நிலையில் நிறுத்துங்கள். முதல் டொமைனின் சி-முனைக்கும் இரண்டாவதின் என்-முனைக்கும் இடையே உள்ள தூரத்தை அளவிடுங்கள். நேர்கோடு புரதத்தின் உடலுக்குள்ளே புகுந்து போனால் அந்த எண் செல்லாது. மேற்பரப்பைச் சுற்றிப் போகும் பாதையை இரண்டு மூன்று துண்டுகளாக அளந்து கூட்டுங்கள்.

முழுதாக நீட்டிய சங்கிலியில் ஓர் அமினோ அமிலத்துக்கு 3.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்). ஆனால் கிளைசின்-செரைன் லிங்கர் ஒருபோதும் முழுதாக நீண்டு நிற்பதில்லை. தளர்ந்த நூல்போல் சுருண்டு கிடக்கும். அதன் விறைப்பு நீளம் (சங்கிலி திசை மாறாமல் போகும் அளவு) சுமார் 4.5 ஆங்ஸ்ட்ராம் என்று எடுத்துக்கொண்டால், முனைகளுக்கு இடையிலான சராசரித் தூரத்தை இப்படிக் கணிக்கலாம்: 2 × 4.5 × முழு நீளம், அதன் வர்க்கமூலம். சிறிய நீளங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். திருத்திய எண்கள் கீழே.

5 அமினோ அமிலம்: முழு நீளம் 19, சராசரி 11 ஆங்ஸ்ட்ராம்
10: முழு நீளம் 38, சராசரி 17
15: முழு நீளம் 57, சராசரி 22
20: முழு நீளம் 76, சராசரி 25
30: முழு நீளம் 114, சராசரி 31

நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் சராசரி தூரம் 1.4 மடங்கு அளவில்தான் கூடுகிறது. 'இன்னும் இரண்டு ஜி4எஸ் சேர்த்தால் டொமைன்கள் விலகிப் போகும்' என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விலக்கி வைக்க வேண்டுமென்றால் விறைப்பான லிங்கர் வேண்டும்.

டொமைன்கள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டிய வடிவமைப்புகளில் தூரத்தைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு: ஒரு டொமைனின் பார்வையில் மற்றது எவ்வளவு செறிவில் இருப்பதாகத் தோன்றுகிறது என்பது. இதைப் பயன்செறிவு என்று சொல்லலாம். பாலம் போட வேண்டிய தூரம் 35 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்து, மேலே சொன்ன எளிய சங்கிலி மாதிரியில் கணக்கிட்டால் இப்படி வரும்: 10 அமினோ அமிலத்துக்கு சுமார் 0.24 மில்லிமோலார், 15-க்கு 1.1, 20-க்கு 1.9, 40-க்கு 2.8. குறைவாக வைத்தால் பல மடங்கு அடி விழுகிறது. 20-லிருந்து 40-க்குப் போனாலும் எதுவும் குறையவில்லை. தூரம் 20 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே என்றால் 20 அமினோ அமிலத்துக்கு 13 மில்லிமோலார், 40-க்கு 7. அங்கேகூட நீளத்தை இரட்டிப்பாக்கியதற்கான தண்டனை பாதிக்கும் குறைவு. நீளத்தில் சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கம் சாய்வதே நல்லது. கூடுதலுக்கு விலை வேறிடத்தில் வரும்: நீளமான நெகிழ்ந்த துண்டு, புரதத்தை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்களுக்கு விருந்து.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? இரண்டு டொமைன்களின் பிரிகை மாறிலி (பிணைப்பு எவ்வளவு பலவீனம் என்பதன் அளவு; எண் பெரிதானால் பிணைப்பு பலவீனம்) 10 மைக்ரோமோலார் என்று வையுங்கள். தனித்தனியாக 1 மைக்ரோமோலாரில் கலந்தால் பத்தில் ஒரு பங்குகூடப் பிணைந்திருக்காது. 20 அமினோ அமில லிங்கரில் கட்டி, பயன்செறிவு 2 மில்லிமோலார் ஆனால், 200-க்கு 1 என்ற விகிதத்தில் பிணைந்தே கிடக்கும். உணரி (ஒன்று வந்ததும் திறந்து மூடிச் சைகை தரும் புரதம்) செய்ய விரும்புபவருக்கு இது கெட்ட செய்தி, ஏனென்றால் எப்போதும் மூடியே இருக்கும் உணரி எதையும் உணராது. அங்கே லிங்கரை மாற்றிப் பயனில்லை. பிணைப்பைப் பலவீனமாக்க வேண்டும்.

35 ஆங்ஸ்ட்ராம் என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 1988-இல் ஒற்றைச் சங்கிலி ஆன்டிபாடித் துண்டை முதலில் செய்தவர்கள் கனச் சங்கிலியின் மாறுபடும் டொமைனிலிருந்து இலகு சங்கிலியின் மாறுபடும் டொமைனுக்குத் தாண்ட வேண்டியிருந்த தூரம் அதுதான். அதற்கு அவர்கள் வைத்தது மூன்று ஜி4எஸ், 15 அமினோ அமிலம். இன்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் லிங்கர் அந்த ஒரு தூரத்துக்காக வெட்டிய அளவு. அதே துண்டில் லிங்கரை 12-க்குக் கீழே குறைத்தால் ஒரே சங்கிலியின் இரு டொமைன்களும் சேர முடியாமல் பக்கத்துச் சங்கிலியோடு கைகோத்து டயபாடி என்னும் இரட்டையாகின்றன. 3-க்கும் கீழே போனால் மும்மையும் நான்மையும் வரும். இரட்டையே வேண்டும் என்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆனால் சேர வேண்டிய அவசியமில்லாத இரண்டு முழு அலகுகளுக்கு நடுவே 5 போதும்: பிளினாடுமோமாப் மருந்தில் இரண்டு ஆன்டிபாடித் துண்டுகளுக்கு இடையே இருப்பது ஒரே ஒரு ஜி4எஸ்.

தன்மை: நெகிழ்வா, விறைப்பா, வெட்டுப்படுவதா

நெகிழ்வுக்கு ஜி4எஸ் வகை. கிளைசின் வளைவைத் தருகிறது, செரைன் தண்ணீரோடு ஒட்ட வைக்கிறது. செரைனை விட்டுவிட்டு வெறும் கிளைசினாகப் போட்டால் கரைதிறன் கெடும். கிளைசினைக் குறைத்துச் செரைனைக் கூட்டினால் லிங்கர் சற்று விறைக்கும். நீளத்தை மாற்றாமல் நுணுக்கமாகத் திருத்த இது உதவும். திரும்பத் திரும்ப வரும் வரிசை தொல்லையாக இருந்தால் எக்ஸ்டென் எனப்படும் 16 அமினோ அமில லிங்கரைப் பாருங்கள். கிளைசின், செரைன், திரியோனின், குளூட்டாமிக் அமிலம், புரோலின், அலனைன் கலந்தது. ஒரே துண்டு அடுத்தடுத்து வராது. காஸ்9-ஐ டிஅமினேஸோடு இணைத்த மரபணு எழுத்து மாற்றிகளில் அதுதான் இருக்கிறது.

விறைப்புக்கு இரண்டு வழி. ஒன்று ஈஏஏஏகே-ஐத் திரும்ப அடுக்கி, இரு ஓரத்திலும் ஓர் அலனைன் வைப்பது. ஈ-யும் நான்கு இடம் தள்ளி வரும் கே-யும் உப்புப் பாலம் போட்டுச் சுருளைத் தாங்குகின்றன. சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம்தான் ஏற்றம். நான்கு முறை அடுக்கினால் 30 ஆங்ஸ்ட்ராம். மற்றது ஏபி-ஐத் திரும்ப அடுக்குவது: அமினோ அமிலத்துக்கு ஏறத்தாழ 3.1 ஆங்ஸ்ட்ராம், ஆகவே பத்திலேயே அதே 31 கிடைத்துவிடும். முழு விறைப்பு எதிலும் கிடையாது. லிங்கர் டொமைனோடு சேரும் முட்டு பெரும்பாலும் வளையும்.

சுருள் லிங்கரில் பலர் தவறவிடும் விஷயம் சுழற்சி. சுருள் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். அதாவது ஒன்றைச் சேர்த்தால் நீளம் 1.5 ஆங்ஸ்ட்ராம்தான் கூடும், ஆனால் அடுத்த டொமைன் 100 டிகிரி திரும்பிவிடும். டொமைனின் கடைசிச் சுருளையே நீட்டி லிங்கராக்கும் வடிவமைப்பில், ஐந்து ஐந்தாகக் கூட்டிச் சோதித்தால் பாதித் திசைகளைப் பார்க்காமலே விட்டுவிடுவீர்கள். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். நெகிழ்ந்த லிங்கருக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டினால் போதும்.

வெட்டுப்படும் லிங்கரில் டிஇவி புரோட்டியேஸ் அல்லது எச்ஆர்வி 3சி புரோட்டியேஸ் தளம் வைப்பது வழக்கம். தளத்தை இரு டொமைன்களுக்கு நடுவே நெருக்கி வைத்தால் நொதியின் வாய்க்குள் அது போகாது; இரு பக்கமும் 3 முதல் 5 கிளைசின், செரைன் விடுங்கள். டிஇவி-க்கு எடையில் 1:50 முதல் 1:100 விகிதத்தில், 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்துத் தொடங்கலாம். எதிர்காலத்தில் பிரிக்கத் தேவையில்லை என்றாலும் முதல் கட்டுமானத்தில் ஒரு வெட்டுத் தளம் வைப்பது நல்லது: ஃபியூஷன் செயல்படவில்லை என்றால் வெட்டிப் பார்த்து, டொமைன்கள் தனியாக உயிரோடு இருக்கின்றனவா என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

டிஎன்ஏ எழுதும்போது

ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள் கோடான். இந்தப் பகுதியில் ஜி, ஏ, டி, சி என்பவை அமினோ அமிலங்கள் அல்ல, டிஎன்ஏ எழுத்துகள். கிளைசின் கோடான்கள் எல்லாமே ஜிஜி-யில் தொடங்குபவை. ஒரே கோடானை அடுக்கினால் டிஎன்ஏ தயாரிக்கும் நிறுவனம் வரிசையைத் திருப்பி அனுப்பும். வந்தாலும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் பிரைமர் (பெருக்கம் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தவறான ஜி4எஸ்-இல் போய் உட்காரும். நான்கு கிளைசின் கோடான்களையும் ஆறு செரைன் கோடான்களையும் மாற்றி மாற்றி எழுதுங்கள். ஈ.கோலையில் ஜிஜிஏ-யும் ஜிஜிஜி-யும் அரிதானவை, அவற்றை அடுத்தடுத்து வைக்காமல் ஜிஜிடி, ஜிஜிசி நடுவே தூவுங்கள்.

டிஎன்ஏ துண்டுகளை ஓரங்களின் ஒப்புமையால் ஒட்டும் கிப்சன் முறையில் இணைப்பவர்கள் 20 முதல் 40 எழுத்து மேற்பொருத்தத்தை லிங்கருக்கு வெளியே, டொமைன் வரிசைக்குள் வையுங்கள். லிங்கரைப் பின்னால் மாற்ற வசதியாக இரு ஓரத்திலும் வெட்டுத் தளம் வைக்கலாம்: பாம்எச்ஐ தளமான ஜிஜிஏடிசிசி, சட்டகம் சரியாக இருந்தால் கிளைசின்-செரைன் என்றே படிக்கப்படும், புதிதாக எதுவும் சேராது. எக்ஸ்எச்ஓஐ தளம் லியூசினையும் குளூட்டாமிக் அமிலத்தையும் கொண்டுவரும். அதை லிங்கருக்கு நடுவே விடாதீர்கள்.

ஈ.கோலையில் வெளிப்படுத்துபவர்களுக்கு ஒரு பொறி உண்டு. ஜிஜிஏ-ஜிஜிடி என்று இரண்டு கிளைசின் எழுதினால் அது ரைபோசோம் (புரதம் தயாரிக்கும் இயந்திரம்) பிணையும் தளத்தின் அச்சு அசலான நகல். அதற்குச் சுமார் 5 முதல் 10 எழுத்து தள்ளி இரண்டாவது டொமைனின் மெத்தியோனின் ஏடிஜி வந்தால், ரைபோசோம் நடுவிலேயே ஏறி இரண்டாவது டொமைனை மட்டும் தனியாகத் தயாரிக்கத் தொடங்கும். இரண்டாவது டொமைனின் தொடக்க மெத்தியோனினை நீக்கிவிடுவதும் லிங்கரின் கடைசியில் ஜிஜிஏஜிஜி வராமல் பார்த்துக்கொள்வதும் போதும்.

பிளாஸ்மிட் கையில் வந்ததும் லிங்கர் வழியாக முழுதாக வரிசை படியுங்கள். ஒரு ஜி4எஸ் காணாமல் போனால் குறைவது 15 எழுத்து. அகரோஸ் ஜெல்லில் அது கண்ணுக்கே தெரியாது.

சோதனை

குறைந்தது மூன்று லிங்கர்களை இணையாகச் செய்யுங்கள்: கணக்கு சொல்லும் நீளம், அதைப்போல் இரட்டிப்பு, அதே தூரத்துக்கு ஒரு விறைப்பு வகை. ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு டொமைனும் தனியாக வேண்டும். இணைக்காத இரண்டையும் சம அளவில் கலந்த கலவையும் வேண்டும். கடைசிக் கலவை இல்லாமல் 'இணைத்ததால் செயல்பாடு கூடியது' என்று சொல்ல முடியாது.

வெளிப்படுத்த வழக்கமான தொடக்கம்: பிஎல்21(டிஇ3) என்னும் ஈ.கோலை வகை, ஒளியடர்த்தி 0.6 முதல் 0.8, தயாரிப்பைத் தொடங்கி வைக்கும் ஐபிடிஜி 0.1 முதல் 0.5 மில்லிமோலார், 18 டிகிரியில் ஓர் இரவு. ஒரு முனையில் ஹிஸ்டிடின் வாலும் மறுமுனையில் ஸ்ட்ரெப் வாலும் வைத்து இரண்டிலும் சுத்திகரித்தால் முழு நீளப் புரதம் மட்டுமே மிஞ்சும். ஆனால் சுத்திகரிக்கும் முன் எடுத்த மாதிரியையும் ஜெல்லில் ஓட்டுங்கள். உடைந்ததைக் களைந்துவிட்டால் உடைகிறது என்ற செய்தியும் போய்விடும்.

லிங்கர் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று பார்க்க அளவான புரோட்டியேஸ் சோதனை எளிது. டிரிப்சினை எடையில் 1:1000 விகிதத்தில் சேர்த்து, பனிக்கட்டியில் 0, 5, 15, 30, 60 நிமிடத்தில் மாதிரி எடுத்து, புரோட்டியேஸைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார் போட்டு நிறுத்தி ஜெல்லில் பாருங்கள். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினைனுக்கும் பின்னால்தான் வெட்டும் என்பதால் சுத்தமான ஜி4எஸ் லிங்கரை அது தொடவே தொடாது; வெட்டு விழுந்தால் டொமைனின் வாலில்தான் விழுந்திருக்கும். அந்த லிங்கருக்கு புரோட்டினேஸ் கே பொருத்தம்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

ஜெல்லில் முழு நீளத்தோடு சிறிய பட்டைகளும் வந்தால், இரண்டு துண்டும் இருக்கிறதா, ஒன்று மட்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால் புரோட்டியேஸ் வெட்டுகிறது: லிங்கரைக் குறையுங்கள் அல்லது ஏபி வகைக்கு மாறுங்கள். சி-முனைத் துண்டு மட்டும் இருந்தால் மேலே சொன்ன நடுவழித் தொடக்கத்தைச் சந்தேகியுங்கள்.

அளவின்படி புரதங்களைப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்குளூஷன் நிரலில் எதிர்பார்த்ததைவிட முன்னால் வெளியே வந்தால் உடனே 'இரட்டை' என்று முடிவு கட்டாதீர்கள். நெகிழ்ந்த லிங்கரோடு நீண்டு கிடக்கும் ஒற்றைப் புரதமும் அப்படித்தான் வரும். ஒளிச்சிதறல் கருவியை நிரலோடு இணைத்தால் எடை நேரடியாகத் தெரியும். அது கையில் இல்லையென்றால் புரதத்தைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். புரதம் வெளிவரும் இடம் நகர்ந்தால் இரட்டையாவது உறுதி, நகராவிட்டால் இன்னும் முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் டயபாடி போன்றவை சுலபத்தில் பிரிவதில்லை.

எல்லாம் வீழ்படிவாகப் போனால் லிங்கரை விட்டுவிட்டு டொமைன் எல்லைக்குத் திரும்புங்கள். இரண்டும் மடிந்தும் ஒன்று செயலிழந்திருந்தால் எது முன்னால், எது பின்னால் என்பதை மாற்றிப் பாருங்கள், அடுத்துதான் நீளம்.

ஒளிர்வு ஆற்றல் மாற்ற உணரியில் (ஓர் ஒளிர்புரதத்தின் ஆற்றல் அருகிலுள்ள மற்றதற்குத் தாவுவதை அளப்பது) சைகை அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் லிங்கர் நீளமாகவும் தளர்வாகவும் இருக்கிறது. சியான்-மஞ்சள் ஒளிர்புரத இணைக்குப் பாதித் திறன் தூரம் (ஆற்றலில் பாதி தாவும் இடைவெளி) ஏறத்தாழ 50 ஆங்ஸ்ட்ராம்; திறந்த நிலையும் மூடிய நிலையும் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் விழ வேண்டும்.

பாலூட்டிச் செல்லில் தயாரித்த ஜி4எஸ் புரதத்தின் நிறை 132 டால்டன் கூடுதலாக வந்தால் பதறாதீர்கள். கிளைசின்-செரைன்-கிளைசின் என்ற அமைப்பில் உள்ள செரைனில் செல் சைலோஸ் சர்க்கரையைச் சேர்க்கிறது. ஒரே மாதிரியான புரதம்தான் வேண்டும் என்றால் செரைனை அங்கிருந்து நகர்த்துங்கள், அல்லது சைலோஸ் சேர்க்காத ஈ.கோலையில் தயாரியுங்கள்.